இரு நுண்செயலிகளும் ஒரு தகரப்பெட்டியும்

ஒப்பிட்டு நோக்குதல் தமிழ் கற்பிப்போர்க்குப் புதிய தொழில் அன்று. இளங்கோவா கம்பரா என்று மேடை போட்டு வழக்காடி மகிழ்வது நம் மரபு. நாம் குடியிருக்கும் திருவாதவூர், கபிலர் பிறந்த ஊர் என்றும் மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்றும் போற்றப்படுவது. 'கபிலபரணர்' என்னும் தொடரை உம்மைத்தொகைக்குச் சான்றாக ஆண்டுதோறும் வகுப்பில் எடுத்துரைக்கிறோம். இருவரையும் ஒரு தொடரில் அடக்கிவிடலாம். இருவருள் உயர்ந்தவர் யார் என்று ஒரு மாணவர் எழுந்து கேட்டால் மட்டும், 'எதில்?' என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியதாகிறது. இந்த எதிர்வினாவைக் கணிப்பொறிக் கடையிலும் கேட்க நேரும் என்று நாம் நினைத்ததில்லை.

செய்தி இதுதான். திருவாதவூரில் உள்ள நம் வீட்டுப் பரணில் பாட்டனார் காலத்துத் தகரப்பெட்டி ஒன்று இருக்கிறது. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து எனப் பலவகைச் சிற்றிலக்கியங்கள் அதனுள் கிடக்கின்றன. பெரும்பாலானவை நூறாண்டுக்கு முற்பட்ட அச்சு. சிலவற்றுக்கு முகப்புத்தாள் இல்லை. சிலவற்றுக்குக் கடைசித்தாள் இல்லை. தாள்கள் பழுத்துப் பழுப்பேறி, விரல் பட்டால் ஒடியும் நிலையில் உள்ளன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கெனப் பேராசிரியராக விளங்கிய ம. மு. உவைஸ் அவர்களும் பீ. மு. அஜ்மல்கான் அவர்களும் இணைந்து இவ்விலக்கியங்களின் வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதி வைத்தார்கள். வரலாறு நிலைத்துவிட்டது, மூலநூல்களோ வீடுதோறும் பெட்டிகளில் கரைந்துகொண்டிருக்கின்றன.

அவற்றைப் படம் பிடித்து, எழுத்துகளைக் கணிப்பொறி வழியே படித்தெடுத்து, பிழை திருத்திச் சேமிப்பது என்று நம் துறை முடிவு செய்தது. முன்னாள் மாணவர் சிலரும் ஜமாஅத்துப் பெரியவர்களும் சேர்ந்து 50,000 ரூபாய் திரட்டித் தந்தார்கள். 2023ஆம் ஆண்டுக் கோடையில் இரண்டு விலைப்பட்டியல்கள் நம் மேசைக்கு வந்தன. ஒன்றில் இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ3 12100 என்னும் நுண்செயலி. மற்றொன்றில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி. பின்னதன் விலை முன்னதைவிடச் சில ஆயிரம் ரூபாய் கூடுதல்.

பட்டியல்களைப் பார்த்த பெரியவர் ஒருவர், "ஐந்து மூன்றைவிடப் பெரிதுதானே பேராசிரியரே? காசு பார்க்க வேண்டாம், பெரியதையே வாங்கிவிடுங்கள்" என்றார். அவர் பேரன்பும் பெருந்தன்மையும் நாம் அறிவோம். ஆயினும் இவ்வெண்கள் கடையில் அடுக்கிய சட்டைகளின் அளவு போன்றவை அல்ல. ஐ3 என்பதில் மூன்று ஒன்றுமில்லை; அதனுள் கணக்கிடும் உள்ளகங்கள், அதாவது கடைக்காரர்கள் 'கோர்' என்று சொல்பவை, நான்கு. ரைசன் 5இல் ஐந்து ஒன்றுமில்லை, அதனுள் ஆறு. 3, 5, 7 என்பன அந்தந்த நிறுவனம் தன் சரக்குகளுக்குத் தானே இட்டுக்கொண்ட வரிசைப் பெயர்கள். இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஐ3 12100 என்பதன் பின் எஃப் என்னும் ஓர் எழுத்து ஒட்டியிருந்தால், அச்செயலியில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இயங்காது. தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால்தான் திரையில் ஏதேனும் தோன்றும். விலை சற்றுக் குறைவாயிருக்கிறதே என்று எஃப் வகையை வாங்கி வந்து, இருண்ட திரையின் முன் விழித்துக்கொண்டு நிற்போர் உண்டு. தொல்காப்பியர் ஓரெழுத்து ஒருமொழியைப் பற்றிச் சொன்னார். ஓரெழுத்து ஒரு செலவைப் பற்றி நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்து வேகம். ஐ3 12100 நொடிக்கு 330 கோடித் துடிப்பில் தொடங்கி, தேவைப்படும்போது 430 கோடி வரை செல்லும், கடைமொழியில் 3.3 கிகா ஹெர்ட்ஸ், 4.3 கிகா ஹெர்ட்ஸ். ரைசன் 5 5600ஜி 3.9இல் தொடங்கி 4.4 வரை செல்லும். எண்களைப் பார்த்தால் பின்னதே எல்லா வகையிலும் முந்துகிறது. ஆனால் ஒரே ஓர் உள்ளகத்தை மட்டும் பயன்படுத்தும் வேலையைக் கொடுத்துப் பார்த்தால் முந்துவது ஐ3.

இதனைக் கேட்டு மாணவர் வியந்தனர். வியப்பதற்கு ஒன்றுமில்லை. துடிப்பு என்பது காலடி. செயல்திறன் என்பது கடந்த தொலைவு. குறுகிய அடி வைப்போன் நொடிக்கு அதிக அடி வைத்தாலும், நீண்ட அடி வைப்போன் முன்னே போய்விடுவான். ஒரு துடிப்பில் எத்தனை கட்டளைகளை முடிக்கிறது என்பது நுண்செயலியின் அமைப்பைப் பொறுத்தது. 2021 ஆகஸ்டில் கடைக்கு வந்த 5600ஜி, 2020இல் வெளியான ஜென் 3 என்னும் அமைப்பைக் கொண்டது. 2022 ஜனவரியில் வந்த 12100, அதற்குப் பின் வடிவமைக்கப்பட்டது. ஒரு துடிப்பில் அதனைவிடக் கூடுதல் வேலை செய்வது.

இந்தப் பாடத்தை உலகம் ஒருமுறை பெருஞ்செலவில் கற்றது. நாம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு ஆய்வேட்டைத் தட்டச்சுச் செய்வித்த 2004ஆம் ஆண்டில் எந்த அச்சகத்திற்குச் சென்றாலும் 'பென்டியம் 4' என்று பெருமையாகச் சொல்வார்கள். 2000 நவம்பரில் 1.4, 1.5 கிகா ஹெர்ட்ஸில் வெளிவந்த அச்செயலி, துடிப்பை உயர்த்துவதற்கென்றே வேலையை 20 சிறு படிகளாகப் பிரித்துக்கொண்டது. 2004இல் வந்த அதன் பிந்திய வடிவத்தில் அப்படிகள் 31 ஆயின. துடிப்பு கூடியது, ஒரு துடிப்பில் முடியும் வேலை குறைந்தது, வெப்பமோ தாளமுடியாததாயிற்று. எதிர்வரிசையில் நின்ற ஏ.எம்.டி. நிறுவனம் 2001 அக்டோபரில் தன் அத்லான் எக்ஸ்.பி. செயலிக்கு '1800+' என்று பெயரிட்டு விற்றது. அதன் உண்மையான துடிப்பு 1.53 கிகா ஹெர்ட்ஸ்தான். எண்ணைப் பார்த்து வாங்கும் மக்களுக்கு எண்ணாலேயே விடை சொன்னார்கள்! 4 கிகா ஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ வெளியிடும் எண்ணத்தை இன்டெல் 2004 அக்டோபரில் கைவிட்டது. 2006இல் அதே நிறுவனம் கொணர்ந்த கோர் 2 டூயோ, துடிப்பில் மிகக் குறைந்தது. வேலையில் பென்டியம் 4ஐ வென்றது.

இந்த நிறுவனங்களின் உறவும் சுவையானது. இன்டெல் 1968இலும் ஏ.எம்.டி. 1969இலும் தோன்றின. ஐ.பி.எம். தன் தனியாள் கணிப்பொறிக்கு இன்டெல்லின் செயலியைத் தேர்ந்தபோது, ஒரே இடத்தை நம்பியிருத்தல் ஆகாது என்று மற்றொரு தயாரிப்பாளரையும் விரும்பியது. அவ்வழியே 1982இல் இன்டெல்லுடன் ஒப்பந்தம் செய்து அதே செயலியைத் தயாரிக்கும் உரிமையை ஏ.எம்.டி. பெற்றது. ஒருவர் பாட்டை மற்றவர் படியெடுத்துத் தொடங்கி, பின்னர் வழக்குமன்றம் வரை சென்று, தனித்தனிக் குரலைப் பெற்ற இரு புலவர்களைப் போல இருவரையும் கருதலாம். இன்றளவும் இரண்டும் ஒரே கட்டளைமொழியையே புரிந்துகொள்கின்றன. ஆதலால்தான் ஒரே மென்பொருளை இரண்டிலும் இட்டு ஒப்பிட முடிகிறது.

எந்த வேலையை இட்டு ஒப்பிடுவது? மாணவர் கொணர்ந்து காட்டிய அட்டவணைகள் பெரும்பாலும் சினிபெஞ்ச் என்னும் சோதனையின் மதிப்பெண்கள். முப்பரிமாணப் படம் ஒன்றைத் தீட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலத்தைக் கொண்டு அது செயலிகளை அளக்கிறது. எல்லா உள்ளகங்களும் ஒருங்கே உழைக்கும் பகுதியில் ஆறு உள்ளகங்களை உடைய ரைசன் தெளிவாக முந்துகிறது. ஒற்றை உள்ளகப் பகுதியில் ஐ3 முந்துகிறது. இரண்டும் உண்மை. ஆனால் நாம் முப்பரிமாணப் படம் தீட்டப் போவதில்லை. குதிரைப் பந்தயத்தில் வென்றதா என்று பார்த்து உழவுக்கு மாடு பிடிக்கலாமா? உழவனுக்கு வேண்டுவது தன் வயலில் ஓர் ஏர் ஓட்டிப் பார்ப்பது.

ஆகவே ஏர் ஓட்டிப் பார்த்தோம். கணிப்பொறிக் கடை வைத்திருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் ஐ3 பொறியை ஒரு நாள் நம் பொறுப்பில் விட்டார். ரைசன் பொறி நம் மாணவர் ஒருவரின் தமையனாருடையது. தகரப்பெட்டி நூல் ஒன்றின் 40 பக்கப் படங்களை இரண்டிலும் ஏற்றினோம். இயக்கமுறைமை ஒன்றே, நினைவகம் 16 ஜி.பி. என்று இரண்டிலும் ஒன்றே. எழுத்துணர் மென்பொருளும் ஒன்றே. டெசராக்ட் என்பது அதன் பெயர். ஹியூலட் பேக்கார்டு நிறுவனத்தில் உருவாகி, 2005இல் யாவரும் எடுத்தாளத் திறந்துவிடப்பட்டது. பின்னர் கூகுள் நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்து, 2018இல் வந்த நான்காம் பதிப்பு முதல் நரம்பு வலையமைப்பு முறையில் எழுத்தறிகிறது. விலை ஏதுமில்லை, தமிழும் அறியும்.

பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தபோது ஐ3 சற்றே முன்னதாக முடித்தது. இம்மென்பொருள் ஒரு பக்கத்தைப் படிக்கையில் நான்கு இழைகளுக்கு மேல் பயன்படுத்துவதில்லை. ஆதலால் ரைசனிடம் எஞ்சியிருந்த உள்ளகங்கள் திண்ணையில் அமர்ந்து வேடிக்கை பார்த்தன. பிறகு மாணவர் ஒரு தந்திரம் செய்தனர். ஒரு பக்கத்துக்கு ஓர் இழை என்று கட்டுப்படுத்தி, பல பக்கங்களை ஒரே நேரத்தில் படிக்குமாறு ஏவினர். இரண்டு பொறிகளும் விரைந்தன என்றாலும், இம்முறை ரைசன் ஐயத்திற்கு இடமின்றி முந்தியது. அறுவர் அமர்ந்து ஏடு பெயர்த்தெழுதினால் நால்வரைவிட விரைவில் முடியுமன்றோ?

ரைசன் கட்சி மாணவர் ஆரவாரம் செய்தனர். நாம் இரண்டு பொறிகளும் தந்த படிகளை அச்சிட்டு அருகருகே வைத்தோம். பிழைகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருந்தன.

அதில்தான் நம் சிக்கலின் உயிர் இருந்தது. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொணர்ந்ததற்கு முன், 'ணா', 'றா', 'னா' ஆகியவற்றை வளைத்துச் சுழித்து எழுதுவர். 'லை', 'ளை', 'ணை', 'னை' ஆகியவற்றுக்குத் துதிக்கை போல் மேலே ஒரு கொம்பு உண்டு. நம் நூல்களில் இருப்பவை அவ்வுருவங்களே. புதிய எழுத்திலேயே பழகிய மென்பொருள் அவற்றைக் கண்டதும் ஏதேதோ எழுதுகிறது. மெய்யின் மேல் புள்ளியிட மறந்த பழைய அச்சு, மறுபக்கத்து மை ஊறித் தெரியும் தாள், செல் அரித்த துளையைப் புள்ளியென்று எண்ணிக்கொள்ளும் பேதைமை, இவற்றையும் சேர்த்துக்கொள்க. அரபுத் தமிழ் நூல்களைக் கொடுத்தால் அதற்கு ஒன்றுமே விளங்குவதில்லை. விரைவான செயலி பிழையை விரைவாகத் தருகிறது; பிழையைக் குறைத்துத் தருவதில்லை.

ஜீன் ஆம்தால் என்னும் கணிப்பொறி அறிஞர் 1967இல் ஒரு வரம்பைச் சுட்டினார். ஒரு பணியின் ஒரு பகுதியை மட்டும் எவ்வளவுதான் விரைவுபடுத்தினாலும், விரைவுபடாத பகுதியே முழுப்பணியின் காலத்தை நிர்ணயிக்கும் என்பது அதன் சாரம். உள்ளகங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவது குறித்து அவர் சொன்னதை நம் துறைக்குப் பொருத்திப் பார்த்தோம். ஒரு பக்கத்தை ஒடியாமல் புரட்ட ஒருவர், நிழல் விழாமல் படம் பிடிக்க ஒருவர். நூல்களைப் பேருந்தில் ஏற்றிக் கல்லூரிக்குக் கொணர்ந்தால் பாதி வழியிலேயே தூளாகும்; ஆதலால் மாணவர்கள் சனிக்கிழமைதோறும் திருவாதவூருக்கு வந்து, கூடத்துச் சன்னல் ஓரத்தில் வைத்து எடுக்கிறார்கள். பொறி எழுத்தறிவது நொடிக்கணக்கில். அதனை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதோ நல்ல பயிற்சியுள்ள மாணவர்க்கும் பக்கத்துக்கு அரைமணிக்குக் குறையாது. யாப்புப் பிறழ்ந்திருந்தால் நம்மிடம் வந்து சேரும். நாம் அகராதியைத் தேடிப் போவோம். இவ்வளவில் எந்தச் செயலி எத்தனை நொடி மிச்சம் பிடித்தால் என்ன?

மதுரையின் வெயிலும் கணக்கில் சேர வேண்டியது. அக்கினி நட்சத்திரத்தில் வெளியே 40 பாகையை ஒட்டி வெப்பம் நிற்கும். நம் துறை அறையில் குளிர்பதன வசதி இல்லை. 12100 தன் வெப்பம் 100 பாகையை எட்டினாலும் 5600ஜி 95ஐ எட்டினாலும், எரிந்துபோகாமல் இருக்கத் தாமே துடிப்பைக் குறைத்துக்கொள்ளும் இயல்பின. கடைக்காரர் அட்டவணையில் கண்ட வேகம், குளிரூட்டிய அறையில் அளந்த வேகம். மேசைக்கடியில் சுவரோடு ஒட்டி, காற்றோட்டம் அடைத்து வைத்த பெட்டிக்கு அவ்வேகம் உரியதன்று. ஆண்டுக்கு இருமுறை விசிறியில் படிந்த தூசியைத் துடைப்பவருக்கு, அடுத்த படிச் செயலி வாங்கியவரைவிடக் கூடுதல் பயன் கிடைக்கக்கூடும் என்பது நம் எண்ணம்.

முடிவில் ஐ3 பொறியை வாங்கினோம். மிஞ்சிய தொகையோடு சேர்த்து, நினைவகத்தை 16 ஜி.பி. ஆக்கினோம்; சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. பொருத்தினோம், மின்சாரம் போனாலும் கோப்பைச் சேமித்து அணைக்கப் போதுமான யு.பி.எஸ். வாங்கினோம், நூலைக் கவிழ்த்து அழுத்தாமல் மேலிருந்து படம் பிடிக்க ஒரு தாங்கியும் இரண்டு விளக்குகளும் செய்வித்தோம். தச்சர் கூலியோடு அது முடிந்தது. ஸ்கேனரில் கவிழ்த்திருந்தால் பல நூல்களின் முதுகு அன்றே பிரிந்திருக்கும்.

ரைசன் கட்சியின் தலைமை மாணவர் இன்னும் இணங்கவில்லை. "ஐயா, நாளைக்கு மற்ற ஊர்ப் பெட்டிகளும் வந்து சேர்ந்தால் ஆயிரக்கணக்கில் பக்கம் குவியுமே, அப்போது ஆறு உள்ளகம் வேண்டாமா?" என்றார். அவர் வாதம் வலுவற்றதன்று. பக்கங்கள் இரவோடிரவாகக் குவியும் நிலை வந்தால் அவர் சொல்வதே சரி. காட்சித் தகவலியல் துறையினர் போல ஒளிப்படம் வெட்டி ஒட்டும் வேலையாயின் இன்றைக்கே அவர் சொல்வது சரி. நம் நிலையில் ஒரு சனிக்கிழமைக்கு 60 பக்கம் சேர்ந்தால் அது பெரிய அறுவடை. அதனை எந்தப் பொறியும் மாணவர் தேநீர் அருந்தி வருவதற்குள் படித்துவிடும். "உங்கள் வாதத்தை எழுதித் தாருங்கள், அடுத்த நிதி வரும்போது அதையே விண்ணப்பமாக அனுப்பலாம்" என்றோம். எழுதியும் தந்துவிட்டார், கோப்பில் இருக்கிறது.

சேமிக்கும் முறையிலும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். 2004இல் நம் ஆய்வேட்டைத் தட்டச்சிட்ட எழுத்துரு இன்று எங்கும் கிடைப்பதில்லை. வட்டில் கோப்பு இருந்தும் திறந்தால் புரியாத குறிகளே தெரிகின்றன. பென்டியம் 4 விரைவாகத்தான் தட்டச்சிட்டது! அக்காலத்தில் அச்சகத்துக்கு ஓர் எழுத்துரு, அலுவலகத்துக்கு ஓர் எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாடு பொதுவான விசைப்பலகையையும் குறியீட்டையும் நோக்கி நகர்த்தியது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பிலேயே நூற்றுக்கணக்கான தமிழ் நூல்களை மின்வடிவாக்கியது. அவர்கள் பணி தொடங்கியபோது இருந்த செயலிகள் இன்று நம் கைப்பேசிக்கும் ஈடாகா. ஆகவே நாம் சேமிப்பவை யாவும் ஒருங்குறியில், எளிய உரைக்கோப்பாக, மூலப்படத்தோடு சேர்த்து, மூன்று இடங்களில்.

இதுவரை மூன்று நூல்கள் திருத்தம் முடிந்து துறையில் உள்ளன. நான்காவது ஒரு கிஸ்ஸா. அதன் முகப்புத்தாளும் முதல் எட்டுப் பக்கங்களும் நம் படியில் இல்லை. ஆதலால் பெயரைக்கூட உறுதியாகச் சொல்ல இயலவில்லை. மேலூர், மதுரைப் பகுதி ஊர்களில் உள்ள பெரியவர்கள் தம் வீட்டுப் பெட்டிகளில் பழைய கிஸ்ஸா நூல்கள் இருப்பின் துறைக்கு ஒரு சொல் தெரிவிக்க வேண்டுகிறோம். நூலைக் கொண்டு வர வேண்டியதில்லை. தாங்கியையும் விளக்குகளையும் எடுத்துக்கொண்டு மாணவர்களே வீட்டுக்கு வருவார்கள்.